மறுபடி எழுதிய பெயர்

கோல்ஃப் பந்தின் மேல் ஒரு பெயரை எழுதுவது லேசான காரியம் இல்லை. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தச் சின்ன உருண்டை முழுக்க முந்நூறு, நானூறு குழிகள். தட்டையான அச்சு அதில் உட்காராது. அதனால் பெயரைக் குடைந்த ஒரு தகட்டில் மையைப் பூசி, மேலே வழித்துவிட்டு, பள்ளத்தில் தங்கிய மையை மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்றால் ஒற்றி எடுத்து, அந்தத் திண்டைப் பந்தின் மேல் அழுத்துவார்கள். திண்டு குழிக்குள்ளும் வளைந்து கொடுத்து எழுத்தை இறக்கிவிட்டு வரும். பேட் பிரிண்டிங் என்று பெயர். பொதுவாக அடியில் வெள்ளை வண்ணம், அதன்மேல் பெயர், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு. தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் பந்து மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த அடியில் பூச்சு உரியக் கூடாது, எழுத்து கலையக் கூடாது. இதற்காகவே மையையும் பூச்சையும் பற்றி எத்தனையோ காப்புரிமைகள் பதிவாகியிருக்கின்றன. பார்க்கப்போனால் குழிகளே அடிபட்ட தழும்பிலிருந்து வந்தவைதான். 1848 வாக்கில் வந்த கட்டாப்பெர்ச்சா பந்துகள், வழவழப்பாக இருந்தபோது பறந்ததைவிட அடிபட்டுக் கீறல் விழுந்தபின் நன்றாகப் பறந்தன. அதைக் கவனித்தவர்கள் புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்றார்கள். 1905இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் குழிக்குக் காப்புரிமை பெற்றார்.

இவ்வளவு பாடுபட்டு எழுதிய பெயரை ஒருவர் அழித்துவிட்டு, அதே பெயரை அதே இடத்தில் தானே மறுபடி எழுதினால் அது பொய்யா?

இந்தக் கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. மைதானக் குளங்களில் விழுந்த பந்துகளை அள்ளி எடுத்து விற்பது அங்கே பெரிய வியாபாரம். நைட்ரோ லெஷர் என்ற நிறுவனம் அப்படி வந்தவற்றில் நல்ல நிலையில் இருந்தவற்றைக் கழுவி விற்றது. கறையும் சிராய்ப்பும் உள்ளவற்றின் மேல்பூச்சு, வண்ணம், பெயர் எல்லாவற்றையும் உரித்து, புது வண்ணம் அடித்து, பழைய கம்பெனியின் பெயரையே திரும்ப அச்சிட்டு, மேலே பூச்சும் கொடுத்து விற்றது. கூடவே, இது பயன்படுத்திய பந்து, இன்னாரால் புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு வரியும் சேர்த்தது. டைட்லிஸ்ட் பந்துகளைச் செய்யும் அக்குஷ்நெட் வழக்குத் தொடுத்தது. உரித்துப் பூசிய பந்து பழையபடி பறப்பதில்லை, அதில் எங்கள் பெயரை வேறொருவர் எப்படி எழுதலாம் என்பது அவர்கள் வாதம். 2003இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. பழைய பந்து வாங்குகிறவர் அதைப் புதுப் பந்தாக எதிர்பார்ப்பதில்லை. இன்னது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பெயரே பொருந்தாது என்று சொல்லும் அளவுக்குப் பந்து மாறிவிடவில்லை என்றார்கள். 1947இல் சாம்பியன் ஸ்பார்க் பிளக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இதற்கு முன்மாதிரி: பழுதுபார்த்த பிளக்கில் சாம்பியன் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், பழுதுபார்த்தது என்பதும் அதிலேயே தெளிவாக இருக்க வேண்டும். 2003 அமர்வில் நீதிபதி நியூமன் மட்டும் மாறுபட்டார். தன் கையில் இல்லாத தரத்துக்குத் தன் பெயர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்ற கம்பெனியின் கவலை அவருக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

நான் கோல்ஃப் ஆடியவன் அல்ல. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் அதற்கு மைதானமும் கிடையாது. இந்த வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் டயர்.

பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள், சிமென்ட் ஏற்றிய லாரிகள். பூமிக்கடியில் ஒரு பழைய கடல் கிடக்கிறது. அதை வெட்டி ஆலைக்கும், ஆலையிலிருந்து ஊருக்கும் கொண்டுபோவதுதான் இங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையே இருக்கிறது. ஆனால் ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவருக்கு எல்லாச் சக்கரத்துக்கும் புது டயர் போடக் கட்டுப்படியாகாது. பட்டன் தேய்ந்ததும் கழற்றி ரீட்ரெடிங் கடைக்குக் கொடுப்பார்கள். தேய்ந்த மேல்பரப்பை பஃபிங் மெஷினில் சுரண்டி, சொலூஷன் தடவி, புது ரப்பரைச் சுற்றி, சூட்டில் வேகவைத்து எடுத்தால் டயருக்கு இன்னொரு பிறவி. ஊர்ப்பேச்சில் ‘ரப்பர் கட்டுறது’. ரோட்டில் உரசுவது முழுக்கக் கடைக்காரர் கட்டிய ரப்பர். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பெயர் மட்டும் கம்பெனியுடையது. அந்த நான்கு இலக்கமும் அப்படியே இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்து, 1952இல் இறங்கிய முதல் பெரிய தொழில் டயர் அல்ல, இந்த ரப்பர் கட்டும் ரப்பர்தான். அடுத்தவர் பெயர் போட்ட டயருக்கு மறுபிறவி கொடுத்து வளர்ந்த பெயர் அது.

என் சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். ஒருமுறை ஒரு கடையில் அதிகம் ஓடாதது என்று சொல்லி ஒரு டயர் விற்றார்கள். கன்னங்கரேலென்று பளபளத்தது. முன்சக்கரத்தில் போட்டார். அது தேய்ந்த டயரில் கத்தியால் பட்டனைக் கீறி ஆழப்படுத்தி, கறுப்பு பெயின்ட் அடித்தது. செந்துறை ரோட்டில் லோடோடு போகும்போது வெடித்தது. வண்டி புளியமரத்தில் சாய்ந்து நின்றது. கிளீனர் பையனுக்கு வலது முழங்கை கடைசிவரை நேராகவில்லை. சித்தப்பா அந்தக் கடைக்காரரைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “பழசுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பின்னாடி போட்டிருப்பேன்டா. பின்னாடி ரெட்ட டயரு, ஒண்ணு போனாலும் ஒண்ணு தாங்கும். முன்னாடியா போட்டிருப்பேன்?”

இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அவருக்குப் பழையது வேண்டாம் என்பதில்லை. கட்டின டயரில்தான் வாழ்நாள் முழுக்க ஓட்டினார். பழையது என்று தெரிந்தால் அதற்கு வண்டியில் ஒரு இடம் இருக்கிறது. மறைத்தவர் திருடியது காசை மட்டுமல்ல, எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை.

பெயர் உண்மையா பொய்யா என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அந்த டயரின் பக்கவாட்டில் இருந்த பெயர், எண் எல்லாமே உண்மைதான், யாரும் திருத்தவில்லை. இன்னொரு பக்கம், டெண்டுல்கர் மட்டையில் எம்.ஆர்.எஃப். என்று ஒட்டியிருந்தது. அந்த மட்டையை அந்தக் கம்பெனி செய்யவில்லை. தொண்ணூறுகளில் பெரம்பலூரில் நாங்கள் நாட்டு மரத்தில் இழைத்த மட்டையில்கூட அந்த ஸ்டிக்கரை ஒட்டினோம். கடையில் இரண்டு ரூபாயோ என்னவோ. எழுத்தளவில் அத்தனையும் பொய். ஆனால் அந்தப் பெயரை நம்பி யாரும் எதையும் பணயம் வைக்கவில்லை. ஆகவே யாரும் ஏமாறவும் இல்லை. பொருள்மேல் எழுதிய பெயர் ஒரு செய்தி என்பதைவிட ஒரு வாக்கு. அதை நம்பி அடுத்தவர் உயிரையோ காசையோ வைக்கும் இடத்தில்தான் அதற்கு அறம் பொருந்துகிறது. கோல்ஃப் கம்பெனிகளுக்கே இது தெரியும். அச்சு சற்றுப் பிசகிய பந்துகளில் தங்கள் பெயர்மேலேயே வரிசையாக ‘எக்ஸ்’ போட்டு மலிவாக விற்பார்கள். செய்தவரே தன் வாக்கைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அதைவிட நாணயமான அச்சு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ரீட்ரெடிங் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “நல்லா கட்டுன டயரு புதுசுக்குச் சமமா ஓடுதுங்க. அதுல ‘பழசு’ன்னு குத்தச் சொன்னா, வெல பாதியா போயிரும். நம்ம நாட்டுல எதுக்கும் பூர்வீகம் கேட்டே கெட்டுப் போனோம், டயருக்குமா?” என்றார். சுருக்கென்று தைத்தது. ஆனால் யோசித்தால், மனிதருக்குப் பூர்வீகம் கேட்பதும் டயருக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஒரு ஆள் எங்கே பிறந்தான் என்பதை வைத்து அவன் நாளை என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. கேசிங்குக்கு எத்தனை வயது, எத்தனை முறை கட்டியது என்பதை வைத்து அது எங்கே விடும் என்று ஓரளவு சொல்லலாம். மனிதரிடம் கேட்பது இடத்தை மறுப்பதற்கு; டயரிடம் கேட்பது சரியான இடம் கொடுப்பதற்கு. அவருடைய கோபத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது. ‘பழசு’ என்ற சொல் மட்டும் போதாது. யார் புதுப்பித்தார் என்பதும் வேண்டும். நன்றாகக் கட்டுகிறவரின் உழைப்புக்கு எழுத்தில் இடம் இல்லாததால்தான் அவரும் பெயின்ட் அடிப்பவரும் சந்தையில் ஒன்றாகிறார்கள்.

இதை நாம் அமெரிக்கத் தீர்ப்பிலிருந்து கற்க வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்தில் கண்டராதித்தம் என்று ஒரு ஊர், கண்டராதித்த சோழன் பெயரில். அவர் தேவி செம்பியன் மாதேவி, மழவரையர் மகள். கொள்ளிடத்துக்கு வடகரையான மழநாட்டுப் பெண். பத்தாம் நூற்றாண்டில் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கல்லில் எடுத்துக் கட்டியவர். தென்கரைப் பக்கம் திருக்கோடிக்காவில் கோயிலைப் புதுப்பித்தபோது ஒரு சிக்கல் வந்தது. பழைய கற்களில் முந்தைய அரசர்கள் காலத்துக் கொடைகள் வெட்டியிருந்தன. யார் விளக்கெரிக்க ஆடு விட்டார், யார் நிலம் கொடுத்தார் என்பதெல்லாம் அதில்தான். அந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். பழைய அரசர் பெயர், பழைய ஆண்டு எல்லாம் அப்படியே. ஆனால் இது ஒரு பழைய கல்லின் படி என்பதையும் அதிலேயே வெட்டி வைத்தார்கள். எழுத்து பத்தாம் நூற்றாண்டுடையது, வாக்கு அதற்கும் முந்தியது. இரண்டையும் சுவரே சொல்லிவிடுகிறது. அந்தக் குறிப்பு இல்லாமல் விட்டிருந்தாலும் கொடை செல்லாமல் போயிருக்காது. படிக்கிறவன் தான் எதைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நண்பர் கடையில் கட்டிய டயரின் தோளில் கடைப்பெயர் அச்சிட்ட ஒரு தாளை ஒட்டித் தருகிறார். ஒரு மழையில் அது போய்விடும். வண்டிக்காரர்கள் அப்படி விடுவதில்லை. டயர் மாறிப்போகாமலிருக்கக் கம்பியைக் காய்ச்சிப் பக்கவாட்டில் தங்கள் வண்டி நம்பரைச் சூடு போட்டுக்கொள்கிறார்கள். அது டயர் சாகிறவரை இருக்கும். போன மாதம் அவரிடம் கேட்டேன், உங்கள் பெயரையும் மாதத்தையும் அப்படிப் போட்டுத் தர என்ன தடை என்று. அச்சுக்கட்டை செய்ய ஆகும் செலவைச் சொன்னார். பெரிய தொகை இல்லை. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “போட்டா, வெடிச்சா எங்கிட்டல்ல வருவான்?” என்றார்.