குறிப்புக் கொப்பி யாருடைய உடைமை?

அறிவைத் தனியுடைமையாக வைத்திருக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்ற வினாவைத் தத்துவ நூல்களில் தேடிப்போக வேண்டியதில்லை. அது எங்கள் உயர்தர வகுப்பறைகளின் மேசைகளிலே, கடதாசி உறை போட்ட குறிப்புக் கொப்பியின் உருவத்தில் கிடக்கிறது. பௌதிகம், உயிரியல், கணக்கீடு, அளவையியல், இந்து நாகரிகம், தமிழ் என்று பாடத்துக்கொரு கொப்பி. ஒரு மாணவன் மாதக்கணக்கில் முயன்று எழுதியதை அயலில் இருப்பவன் இரவல் கேட்கிறான். "வீட்டில் விட்டிட்டு வந்திட்டன்" என்ற பதில் வருகிறது. கொப்பியோ பையிலேயே இருக்கிறது. இது குற்றமா? குற்றமாயின் யாருடைய குற்றம்?

போரும் பசியும் பேசப்படவேண்டிய உலகில் கொப்பிக் கதை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். வடபுலத்தில் குறிப்புக் கொப்பி ஒருபோதும் அற்பப் பொருளாக இருந்ததில்லை. 1980 முதல் அரசு வழங்கிவரும் இலவசப் பாடநூல் பதினோராம் தரத்தோடு நின்றுவிடுகிறது. அதன் மேல் படிப்பவனுக்குப் பெரும்பாலும் குறிப்பே பாடநூல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அருந்தலாயிற்று, எழுதுதாளும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த ஒளியில் ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதினர். அன்று படித்து இன்று வைத்தியராகவும் ஆசிரியராகவும் இருப்போரில் எத்தனை பேர் இரவற் கொப்பியால் உருவானவர்கள் என்பதை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது.

கொடுக்க மறுப்பவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிடலாகாது. "உழைத்தவனுக்கே உழைப்பின் பயன் என்று நீங்கள்தானே போதிக்கிறீர்கள்? நான் விழித்திருந்து எழுதினேன், அவன் உறங்கினான். என் உழைப்பின் பயனை அவன் ஏன் அனுபவிக்க வேண்டும்?" என்று அவன் கேட்டால் முற்போக்காளர் என்ன விடை சொல்வார்?

கொப்பியில் இருப்பது அவனுடைய உழைப்பு மட்டுமன்று என்பதே முதல் விடை. ஆசிரியர் சொன்னது, அவர் தம் ஆசிரியரிடம் கேட்டது, மூத்த மாணவர் ஒருவர் சுருக்கித் தந்தது, நெல்லியடியில் எடுத்த போட்டோப் பிரதியில் யாரோ பெயர் தெரியாத பிள்ளை ஓரத்தில் எழுதிய திருத்தம் ஆகிய யாவும் அதில் உண்டு. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, ஆசிரியர் மாணவர் வழியாக முசிறி நீலகண்டனார் வரை வாய்மொழியாகவே கையளிக்கப்பட்டு வந்ததாக அவ்வுரையே கூறுகிறது. இடையில் ஒருவர், "இது நான் பாடம் கேட்டது, எனக்கே உரியது" என்று வாயை மூடியிருந்தால் நமக்கு அந்த உரை இல்லை. நவீன மொழியியலின் மூலநூல்களில் ஒன்றான சசூரின் நூலும் அவர் எழுதியதன்று. 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளை மாணவர் குறித்து வைத்திருந்தனர். 1913இல் அவர் மறைந்த பின், பல்லி, செஷேயே என்னும் இருவர் அக்கொப்பிகளை இரவல் வாங்கித் தொகுத்து 1916இல் வெளியிட்டனர். தொகுத்த இருவரும் அந்த விரிவுரைகளைக் கேட்டவர்களல்லர். மாணவர் தம் கொப்பியைக் கொடுத்தனர். ஓர் அறிவுத்துறை வேறு திசையில் நடந்தது.

ஆனால், இவ்வளவும் சொன்ன பிறகும் எங்கள் மாணவன் கொப்பியைப் பையில் ஒளிக்கிறான். அவன் தீயவனல்லன். பந்தியில் சோற்றைப் பகிர்வான். தோழனின் தகப்பனுக்கு நோய் என்றால் இரத்தம் கொடுப்பான். கொப்பியை மட்டும் கொடுக்கமாட்டான். இந்த முரண்பாட்டின் வேர் எங்கே?

பல்கலைக்கழக அனுமதி முறையைப் பாருங்கள். வைத்தியம், பொறியியல் போன்ற துறைகளில் நாற்பது வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட ஒதுக்கீடாகவும், எஞ்சிய ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் வழங்கப்படுகின்றன. மாவட்ட ஒதுக்கீட்டில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முல்லைத்தீவுப் பிள்ளையின் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அதன் நியாயம் விளங்கும். எனினும் அதன் விளைவொன்றை நாம் பேசுவதில்லை. மாவட்ட இடத்துக்கு யாழ்ப்பாண மாணவனின் போட்டியாளன் கொழும்பில் இருப்பவன் அல்லன், மாத்தறையில் இருப்பவனும் அல்லன். அதே வாங்கில், தோளோடு தோள் உராய இருப்பவனே போட்டியாளன். 2001ஆம் ஆண்டளவில் வந்த இசட் புள்ளி, தசமத்தின் பின் நான்கு இலக்கம் வரை பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துகிறது. தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு ஆண்டுதோறும் இடமில்லை. இந்நிலையில் தோழனுக்குக் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பு தனக்கெதிராகத் தானே இடும் புள்ளியாகி விடுகிறது. பற்றாக்குறையை உண்டாக்கியவர் வேறு. அதன் பழியைச் சுமப்பது பதினெட்டு வயதுப் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதி எங்களுள் எல்லார்க்கும் உண்டா என்பதும் ஐயமே. பாடசாலையில் அலகின் பாதியைச் சொல்லி, மீதியையும் "முழுக் குறிப்பையும்" மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் விற்கும் ஆசிரியர் சிலர் எங்கள் தொழிலில் உளர். மாணவன் ஒளிப்பது அச்சத்தால். இவர்கள் ஒளிப்பது இலாபத்துக்காக. 1945இல் கன்னங்கரா பெற்றுத் தந்த இலவசக் கல்வியைப் பின்கதவால் விலைக்கு விடும் செயல் இது. மாதக் கட்டணம் கட்ட இயலாத தோட்டக் கூலியின் மகள், அந்தக் குறிப்பைத் தோழியிடம் இரவல் கேட்பதைத் தவிர வேறென்ன செய்வாள்? அங்கேயும் கதவு மூடினால்?

கரவெட்டி மண்ணில் நின்று இதைக் கேட்பவருக்கு இன்னொரு நினைவும் வரவேண்டும். கல்வியை ஒளித்து வைத்தல் இங்கே புதிதன்று. ஒரு காலத்தில் அது வெளிப்படையாகவே சாதியின் பெயரால் நடந்தது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று அரசு பணித்தபோது குடாநாட்டில் பாடசாலைக் கொட்டகைகள் எரிந்தன. தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடசாலை கட்டுவோம் என்று சூரனும் அவரோடு நின்றோரும் எழுப்பிய தேவரையாளி இன்றும் நிற்கிறது. கொப்பியைத் தொட்டால் தீட்டு என்று இன்று எவரும் சொல்வதில்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற தெரிவில் பழைய கோடுகள் முற்றாக அழிந்துவிட்டனவா என்பதை ஆசிரியர்கள் தத்தம் வகுப்பில் கண் திறந்து பார்க்கட்டும்.

சரி, கொடுத்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கொடுத்தான்? கணித மாணவன் கொடுக்கும் கொப்பியில் செய்து முடித்த கணக்கு இருக்கிறது. செய்யும் ஆற்றல் இல்லை. உயிரியற் கொப்பியில் இதயத்தின் படம் இருக்கிறது; அதைப் பத்து முறை அழித்து வரைந்தபோது கண்ணில் பதிந்தது இல்லை. தமிழின் நிலை எல்லாவற்றிலும் பரிதாபமானது. கவிதை நயத்துக்கு ஒரு ஆயத்தக் குறிப்பு ஊரெல்லாம் உலவுகிறது. எளிய சொல், ஓசை நயம், உவமைச் சிறப்பு, உணர்ச்சி வெளிப்பாடு என்று எந்தக் கவிதைக்கும் போர்த்தக்கூடிய ஒரே போர்வை. காதற் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அதே நான்கு வாக்கியங்கள். கவிதையைப் படியாமலே நயந்துவிடுகிறார்கள்! குறிப்பு அதனை எழுதியவனுக்கு நினைவின் கைத்தடி. பார்த்தெழுதுபவனுக்கோ காலையே மறக்கச் செய்யும் ஊன்றுகோல்.

ஆகவே வெறுங் கொப்பியை நீட்டுவதில் ஈகை முடிந்துவிடவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றொரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும்போது மூத்த மாணவர், அல்லது பாடத்தில் வல்ல சக மாணவர், மர நிழலிலோ வெறும் வகுப்பறையிலோ ஏனையோரைக் கூட்டிவைத்துப் பாடத்தை விளக்குவர். கட்டணமில்லை. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பர். சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான சொல். (போர்க்காலத்தில் எம்மிடையே அச்சொல் சுமந்த கொடிய பொருள் வேறு.) அங்கே கொப்பி விரித்து வைக்கப்படுகிறது, கூடவே கேள்வியும் வருகிறது. "இது ஏன் அண்ணை இப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்டால், தன் குறிப்பில் விடை இல்லை என்பது அண்ணைக்கும் அப்போதுதான் தெரியவருகிறது.

பல்கலைக்கழகத்தில் குப்பி வைப்பவர் யார்? பாடசாலையில் கொப்பியை ஒளித்த அதே மாணவரே. இரண்டாண்டுகளில் அவர் குணம் மாறிவிடவில்லை. இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவே. பெறுபேறு வந்த வாரத்தில் அவர்கள் தம் உயர்தரக் கொப்பிகளைக் கட்டி, அடுத்த வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு முழுமனத்தோடு கொடுத்துவிடுகிறார்கள். இடம் கிடைக்காத தோழி இரண்டாந் தடவை தோற்ற எண்ணினால், அந்தக் கொப்பியைத் தன்னிலும் இளையவர்களிடம் போய்க் கேட்கவேண்டும். அவர்களுக்கு அவள் இப்போது இன்னொரு போட்டியாளர்.