காட்டு மலரும் வாய்மை விரதமும்

இல்லறத்தார் ஓரறிவுயிர்களாகிய தாவரங்களை அறவே வருத்தாமல் வாழ இயலாது. இதனை அறிந்தே நம் ஆசாரியர்கள் அணுவிரதங்களை வகுத்தனர். ஆயினும் பயனின்றி மண்ணைத் தோண்டுவதையும் செடிகொடிகளைக் கொய்வதையும் அநர்த்த தண்டம் என விலக்கினர். ஆகவே, காட்டில் காணும் அரிய செடியைப் பறிக்கலாமா என்பது நமக்கு ஒரு வினாவே அன்று. அச்செடி இருக்குமிடத்தைப் பிறர்க்குச் சொல்லலாமா என்பதே இங்கு வினா.

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளிலிருந்து மேல்சித்தாமூருக்கும் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றுக்கும் செல்லும் நம்மவர்க்குப் பாறைக் குன்றுகளும் புதர்க்காடுகளும் புதியன அல்ல. இத்தகைய வறண்ட காடுகளுக்குரிய ஆர்க்கிட் வகைகளுள் ஒன்று மரவாழை. தாவர நூலார் வாண்டா டெசெல்லேட்டா என்பர். மரக்கிளையைப் பற்றி வளரினும் அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றில் தொங்கும் வேர்களால் மழைநீரையும் ஈரத்தையும் ஏற்கிறது. தங்க இடம் பெற்று, தாங்கும் உயிர்க்கு ஊறு செய்யாத அவ்வாழ்வு துறவியரை நினைவூட்டுகிறது. (ஒப்புமை சற்று மிகைதான்!) பழுப்புக் கட்டங்கள் ஓடிய அதன் இதழ்களும் நறுமணமுமே அதற்குப் பகையாயின, மருந்துக்கென வேரைக் கொள்வாரும் உளர். ஒரு காயில் தூள்போன்ற பல்லாயிரம் விதைகள் இருந்தும், உரிய பூஞ்சையின் துணையின்றி அவை காட்டில் முளைப்பதில்லை. பூக்கவோ பல்லாண்டுகள் வேண்டும். பெயர்த்தெடுத்தால் வேர் முறிகிறது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் வாடி மடிகிறது.

காப்புக்காட்டில் செடி எடுப்பதை 1882ஆம் ஆண்டு வனச்சட்டமே தடுக்கிறது. எனினும் குன்றுதோறும் காவலரை நிறுத்த இயலுமா? இந்நாளில் கைபேசிப் படம் இடக்குறிப்போடு நொடியில் நூறு பேரைச் சென்றடைகிறது. அனுப்பியவர் தீங்கு எண்ணியவர் அல்லர். பிறரும் கண்டு மகிழட்டும் என்றே அனுப்பினார். அந்நூற்றுவருள் ஒருவர் கோணிப்பையோடு புறப்பட்டால் போதும்.

கேட்பவரிடம் மறைப்பது வாய்மைக்கு இழுக்கன்றோ என அன்பர் சிலர் ஐயுறலாம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஆபத்து விளைக்கும் உண்மையை உரையாதிருத்தலையும் வாய்மை விரதத்துக்குள்ளேயே வைத்தார். திருவள்ளுவரும் தீமை பயவாமையையே வாய்மைக்கு இலக்கணமாகக் கொண்டார். எனினும் இதனைப் பொய்க்கு வாயிலாக்கிக்கொள்ளலாகாது என்பது நம் கருத்து. அறிந்த ஒருவர் ‘தெரியாது’ என்றால் அது பொய். ‘சொல்வதற்கில்லை’ என்றால் பொய்யன்று.

இங்கிலாந்தில் லேடீஸ் ஸ்லிப்பர் என்னும் ஆர்க்கிட், சேகரிப்போரின் ஆசையால் அற்றே போயிற்று என்று கருதப்பட்டது. 1930இல் யார்க்‌ஷயரில் ஒற்றைச் செடி தென்பட்டது. அறிந்தோர் பல்லாண்டுகள் இடத்தை வெளியிடாமல் காத்தனர். பின்னாளில் கியூ தாவரவியல் தோட்டத்தார் அதன்வழி நாற்றுகளை வளர்க்க முடிந்தது.

முற்றும் மறைப்பதிலும் ஒரு கேடுண்டு. அறியாமல் மரத்தை வெட்டுவோரை யார் தடுப்பது? எனவே வனத்துறையினர்க்கும் தாவரவியல் அறிந்த ஆசிரியர்க்கும் தெரிவித்தல் தகும். பிள்ளைகளுக்கு ஆர்க்கிட்டைக் காட்ட விரும்புவோர்க்கு, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. அங்கு அழைத்துச் செல்லலாம்.