முதுகில் எரியும் விளக்கு

நமக்குப் பயன்படாத, நம் கண்ணுக்கும் தெரியாத ஒன்றைப் பழுதின்றி வைத்திருப்பது நம்முடைய கடமையா? அல்லது மனமிருந்தால் செய்யும் உபகாரமா? ஈப்போவில் மோட்டார் உதிரிச் சாமான் விற்கும் எம்மைப் போன்றோருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கடை மேசைக்கு அடிக்கடி வரும் கேள்வி. ஆகவே வணிக அன்பர்களின் முன் அதனை வைக்கிறோம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிள்ளையைப் போல் பேணுவோர் நம் ஊரில் உண்டு. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் முந்திய வண்டிகளில் பிரேக் எண்ணெய் ஓடும் குழாயிலேயே ஒரு சிறு சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். காலால் மிதித்ததும் எண்ணெயின் அழுத்தம் உள்ளேயுள்ள தகடுகளைச் சேர்க்கும், பின்விளக்கு எரியும். இரண்டு 21 வாட் பல்புகளுக்கு 12 வோல்ட் மின்சாரத்தில் மூன்றரை ஆம்பியர் அச்சிறு தகடுகளின் வழியே பாய்கிறது. சேரும்போதும் பிரியும்போதும் பொறி பறந்து தகடுகள் கருகுகின்றன. முதலில் பலமாக மிதித்தால்தான் விளக்கு எரியும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் எரியாது.

ஆனால் பிரேக்கோ எப்போதும் போல் பிடிக்கும். இதில்தான் சோதனை இருக்கிறது. ஓட்டுபவருக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. “வண்டி நன்றாக நிற்கிறதே, பாய்! விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?” என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது உண்மை. அவருக்குப் பின்னால் வருபவரைப் பொறுத்தவரை அது உண்மையன்று.

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய இறக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்துவிடுகிறார். மழையில் முன்வண்டி நிற்பதை விளக்கின்றி உணர ஒரு விநாடி தாமதித்தாலும் 25 மீட்டர் போயிற்று. சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய பின், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு வேலைக்கு வருவோரை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுச் சாலைகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. நம் வண்டியின் முதுகில் எரியும் விளக்கு அவர்களுடைய உடைமை என்றே நாம் சொல்வோம். அது நம்மிடம் உள்ள அமானிதம்.

“பின்னால் வருபவரல்லவா தூரம் விட்டு வரவேண்டும்?” எனச் சிலர் கேட்கலாம். விடவேண்டியதுதான். ஆயினும் ஒருவர் கடமை தவறுவதால் மற்றவர் கடமை தீர்ந்துவிடாது. கடன் வாங்கியவர் தவணை தவறினால், கடைக்காரர் தராசைச் சாய்க்கலாமா? வண்டியைத் திடீரென நிறுத்தி ஆபத்தை உண்டாக்குபவர் நாம். ஆகவே அதை அறிவிப்பதும் நம்மைச் சேர்ந்தது. ஆதலின் இது உபகாரமன்று, கடமையே.

“எரியவில்லை என்பது எனக்குத் தெரியாதே” என்பது அடுத்த சமாதானம். அறியவே வழியில்லாதவருக்கு அது பொருந்தும். இங்கே வழி மிக எளிது. அந்தி நேரத்தில் வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி மிதித்தால், சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியிலே தெரிந்துவிடும். கேட்காமல் இருந்துவிட்டு, தெரியாது என்பது நியாயமன்று. சட்டமும் இதற்கு முழுத் துணையாகாது. நம் நாட்டில் வாணிப வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டும்; சொந்தக் காரோ பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் செல்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் சோதனை அதிகாரி நம் மனச்சாட்சிதான்.

இனி விற்பவர் கடமைக்கு வருவோம். புதிதாகச் செய்து வரும் மாற்றுச் சுவிட்சுகளில் சில ஓராண்டுகூடத் தாங்குவதில்லை என்பது இவ்வண்டி வைத்திருப்போர் பல நாடுகளிலும் சொல்லும் குறை. வாங்குபவர் உள்ளே இருக்கும் தகட்டைக் காணமுடியாது. பெட்டியையும் நம் வாயையும் நம்பியே வெள்ளியைக் கொடுக்கிறார். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலின் அடியில் ஈரம் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதை மறைத்து வைத்த வணிகரைக் கண்டித்த வரலாறு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலிவானதை மலிவானது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்பதே குற்றம்.

விற்றதோடு பொறுப்பு தீர்வதுமில்லை. 2013 ஆம் ஆண்டில் ஹியுண்டாய், கியா கம்பெனிகள் இதே பிரேக் விளக்குச் சுவிட்சுக்காக அமெரிக்காவில் மட்டும் 16 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. பெரிய கம்பெனிகளே அவ்வாறு செய்யவேண்டி வந்ததென்றால், தெரிந்த வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நமக்குப் பெரிதா?

பட்டறை நண்பர்களுக்கும் இரண்டு சொல். கருகிய சுவிட்சை மாற்றி மாற்றிப் போடுவது, காரணத்தை விடாமல் தௌபா செய்வது போன்றது. நடுவில் ஒரு ரிலே வைத்தால் பல்புகளின் மின்சாரம் அதன் வழியே போகும். சுவிட்சுக்குச் சொற்பச் சுமையே. மேலும், குழாயில் உள்ள சுவிட்சைக் கழற்றும்போது காற்றுப் புகலாம். அதை முழுதும் வெளியேற்றி, எண்ணெய் கசியவில்லை என்று பார்த்த பின்னரே வண்டியைக் கொடுக்க வேண்டும். விளக்கைச் சரிசெய்யப் போய்ப் பிரேக்கைக் கெடுத்தல் ஆகாது.

வாங்குபவர் காணாத சரக்கு, ஓட்டுபவர் காணாத விளக்கு இரண்டுக்கும் நீதி ஒன்றே. நம் நாணயம் பிறர் பார்க்கும் இடத்தில் மட்டும் இருந்தால், அது கடையின் முகப்புக்குப் பூசிய சாயமாகிவிடும். இன்று மாலை கடை அடைத்ததும், வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.