இல்லக் கல்வியும் பிள்ளையின் உரிமையும்

கல்வி என்றதும் பாடசாலையை எண்ணுவது இக்கால மனிதரின் இயல்பாகிவிட்டது. எனினும், குறித்த வயதுப் பிள்ளைகள் யாவரும் பாடசாலைக்குச் சென்றே கற்றல் வேண்டும் என்னும் விதி, மனிதகுல வரலாற்றில் மிக அண்மைக் காலத்தது. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டிலேயே தொடக்கக் கல்வி நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின; 2016ஆம் ஆண்டில் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. இவற்றிற்கு முன்னைய நெடுங்காலம் முழுவதிலும் உழவன் மகன் வயலிலும், கொல்லன் மகன் உலைக்களத்திலும், எழுத்தறிவை நாடியோர் ஆசிரியரின் திண்ணையிலுமே கற்றனர்.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே பெற்றோர் கற்பிக்கும் இல்லக் கல்வி, புதுமை என்பதிலும் பழமையின் மீட்சி எனல் பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பாடசாலை பலர்க்கு எட்டாததாயிருந்தது. இன்று எட்டியிருக்கும் பாடசாலையைப் பெற்றோர் மறுக்கின்றனர். இம்மறுப்பு பிள்ளைக்காகச் செய்யப்படும் ஒரு தெரிவு. ஆதலின், இல்லக் கல்வியைத் தொடங்க விழையும் பெற்றோர், எந்நூலை வாங்குவது, எவ்வாறு நேரத்தை வகுப்பது என்று வினவுமுன், இத்தெரிவைச் செய்யும் உரிமை தமக்கு எங்ஙனம் வந்தது என்று வினவுதல் வேண்டும்.

பாடசாலையை மறுப்போர் கூறும் நியாயங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் விரைந்து கற்பவன் சலிப்படைகின்றான். மெல்லக் கற்பவன் நாணமடைகின்றான். அமெரிக்க ஆசிரியரான ஜோன் ஹோல்ட், வகுப்பறையில் தாம் கண்டவற்றைக் கொண்டு 1964ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, பிள்ளைகள் தோற்பதற்கு அச்சமே பெருங்காரணம் எனக் காட்டினார். பாடசாலைகள் திருந்தும் என்ற நம்பிக்கையை நாளடைவில் இழந்த அவர், 1977ஆம் ஆண்டில் வீட்டிலே கற்பிக்கும் குடும்பங்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். ஆங்கிலச் சட்டமும் இதற்கு இடமளித்தது. பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்தல் பெற்றோரின் கடமை என விதித்த 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அக்கல்வி பாடசாலை வாயிலாகவோ வேறு வகையாகவோ அமையலாம் என்றது.

இல்லக் கல்வியின் வலிமையையும் வறுமையையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை ஜோன் ஸ்ருவாட் மில்லினுடையது. 1806இல் பிறந்த அவரை அவர்தம் தந்தை ஜேம்ஸ் மில் எப்பாடசாலைக்கும் அனுப்பினாரல்லர். தம் எழுத்து மேசையின் அருகிலேயே அமர்த்திக் கற்பித்தார். மூன்று வயதிற் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டு வயதில் தருக்கம் என அக்கல்வி வளர்ந்தது. தம் காலத்தவரிலும் கால் நூற்றாண்டு முற்பட்டுத் தொடங்கும் வாய்ப்பு இதனாற் கிட்டியது என மில் தம் சுயசரிதையில் ஏற்றுக்கொள்கின்றார். ஆனால், ஏனைய சிறுவரோடு பழகுவதினின்றும் தந்தை தம்மை விலக்கி வைத்தமையையும் அந்நூலே கூறுகின்றது. 1826ஆம் ஆண்டிலே, இருபது வயதில், தாம் கொண்ட இலட்சியங்கள் யாவும் நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமோ எனத் தம்மையே வினவினார். இல்லை என்ற விடையே உள்ளத்தில் எழுந்தது. நீண்டகாலம் அவரை வாட்டிய அச்சோர்வுக்கு, உணர்வை வளர்க்காது பகுத்தாராயும் அறிவை மட்டும் வளர்த்த பயிற்சியே காரணம் என அவர் கண்டார். அத்துயரைச் சொல்லி ஆறத் தம் தந்தையிடம் அவர் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. ஆசிரியரும் தந்தையும் ஒருவரேயான வீட்டில், ஆசிரியரின் தவற்றை முறையிடப் பிள்ளைக்குத் தந்தை இல்லாமற் போய்விடுகின்றார்.

இங்ஙனம் கற்ற மில், 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில் இப்பிரச்சினையின் இரு புறத்தையும் நோக்கினார். அரசே எல்லார்க்கும் கற்பிப்பின் மக்கள் ஒரே அச்சில் வார்க்கப்படுவர் என அஞ்சினார். அதேவேளை, பிள்ளைகளைத் தந்தையின் உடலுறுப்புப் போலக் கருதும் மனப்பான்மையையும் கண்டித்தார். கல்வியை அரசு கட்டாயமாக்கலாம். கற்பிக்கும் வகையைப் பெற்றோரிடம் விடலாம். கற்றனரா என்பதைப் பொதுப் பரீட்சையால் அறியலாம் என்பது அவர் கண்ட வழி.

நீதிமன்றங்களும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளன. விஸ்கொன்சின் மாநிலத்து ஆமிஷ் சமயத்துப் பெற்றோர் மூவர், எட்டாம் வகுப்பின் பின்னர்த் தம் பிள்ளைகளைப் பாடசாலையினின்றும் நிறுத்தினர். பண்ணை வேலையும் வீட்டு வேலையுமே அவர்தம் வாழ்க்கைக்குரிய கல்வி என்றனர். பதினாறு வயது வரை பாடசாலைக்கு அனுப்பாத குற்றத்திற்காக ஒவ்வொருவருக்கும் ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயின் நீதியரசர் டக்ளஸ், ஒரு பகுதியில் மாறுபட்டார். பிள்ளைகளுள் ஒருத்தி மட்டுமே சாட்சியம் அளித்தாள். ஏனைய இருவரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. பிள்ளை ஓர் இசைக்கலைஞனாகவோ விண்வெளி வீரனாகவோ விரும்பலாம். அவனைக் கேளாது அக்கதவை அடைப்பது தகுமோ என்பது அவர் எழுப்பிய வினா.

ஜேர்மனியின் நிலை இதற்கு மறுதலை. சமய நம்பிக்கை காரணமாக வீட்டிலே கற்பிக்க அனுமதி கோரிய பெற்றோரின் முறையீட்டை 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஏற்கவில்லை. தம்மோடு மாறுபட்டோருடன் வாழப் பிள்ளைகள் பழகுதல் வேண்டும் என்ற ஜேர்மனிய நீதிமன்றங்களின் நியாயத்தை அது தகுந்ததெனக் கொண்டது. இந்நியாயம் வலுவுடையதே. எனினும், அதே நாட்டில் நாஜி ஆட்சி பாடசாலையைத் தன் கொள்கையை ஊட்டும் கருவியாக்கியமையும் வரலாறு. ஆகவே, பெற்றோரை ஐயுறுவோர் அரசையும் ஐயுறுதல் வேண்டும்.

பெற்றோர்க்கா அரசுக்கா பிள்ளை உரியது என்று வினவும்வரை இவ்வழக்குத் தீராது. வினாவே பிழையானது. பொன்முடியாரின் புறநானூற்றுச் செய்யுள், ஒரு மகனின் ஆக்கத்தில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய நால்வர்க்கும் பங்குண்டெனக் கூறுகின்றது. அது போருக்கு மகனை ஆக்கும் காலத்துப் பாடல். எனினும், அப்பங்கினை உரிமை என்னாது கடன் என்றே அது கூறுவது மனங்கொள்ளத்தக்கது. கடன்பட்டவர் பொருளுக்கு உடையவராகார். உரிமை என ஒன்று உண்டாயின் அது பிள்ளைக்கே உரியது. அமெரிக்க மெய்யியலறிஞர் ஜோயல் பைன்பேர்க் 1980இல் இதனைத் திறந்த எதிர்காலத்திற்கான உரிமை எனப் பெயரிட்டார். வளர்ந்தபின் தான் தெரிதற்குரிய வழிகளை வளருமுன்னரே பிறர் அடைத்துவிடலாகாது என்பதே அதன் சாரம்.

இவ்வளவுகோலைக் கொண்டே இல்லக் கல்வியின் தொடக்கமும் அமைதல் வேண்டும். முதலாவதாக, பிள்ளையின் கருத்தைக் கேட்டல் வேண்டும். ஒருமுறையன்று, ஆண்டுதோறும் கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, பெற்றோரல்லாத ஒருவரிடமேனும் பிள்ளை கற்றலும், ஒத்த வயதினரோடு விளையாடிப் பிணங்கி மீளக் கூடுதலும் இன்றியமையாதன. மூன்றாவதாக, பெற்றோர் ஏற்காத கருத்துடைய நூல்களும் வீட்டிலே இடம்பெறல் வேண்டும். நான்காவதாக, பாடசாலைக்கு மீளும் வழியும் பொதுப் பரீட்சைக்குத் தோற்றும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். இந்நான்கிற்கும் இசையாத பெற்றோர், பாடசாலையின் குறை கண்டு விலகுவோரல்லர். பிள்ளையைத் தமக்கென வைத்துக்கொள்வோரே.

இன்னுமொரு கடனும் உண்டு. வீட்டிலே கற்பிக்க ஒருவர் உழைப்பை ஒதுக்குதல் வேண்டும். அவ்வுழைப்பு பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றது. நாட்கூலியில் வாழும் குடும்பம் அதனைத் தாங்காது. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்ற பெற்றோரும் கருவி வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளை கற்றதும், அவையில்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியதும் இலங்கையர் அறிந்ததே. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழையின் பிள்ளையும் பல்கலைக்கழக வாயிலை அடைய வழி செய்தது. வசதியுள்ளோர் பொதுப் பாடசாலையை விட்டு விலகுந்தோறும் அதன் குறைகளைத் தட்டிக் கேட்கும் குரல் குன்றும். தம் பிள்ளைக்கு நன்மை தேடுதல் குற்றமன்று. ஆயின் விலகிச் செல்வோர்க்கும் பொதுப் பாடசாலைக்காகக் குரல் கொடுக்கும் கடன் நீங்காது.

தந்தை மகனுக்கு ஆற்றும் நன்மையை வள்ளுவர் வீட்டிலே வைத்து அளந்தாரல்லர். கற்றோர் அவையிலே வைத்தே அளந்தார். அவை என்பது அயலார் கூடுமிடம். தந்தையின் சொல் செல்லாத இடம். அங்கே தன் காலில் நின்று, வேண்டுமாயின் தந்தையையே மறுத்துரைக்கவும் வல்ல பிள்ளையை ஆக்குவதெனின் இல்லமும் நல்ல பாடசாலையே. அதனை ஆக்காதெனின், எத்துணை நூல்களால் நிறைந்திருப்பினும் அவ்வில்லம் பூட்டிய அறையாகவே எஞ்சும்.