பாதைக்கு இட்ட வர்ணம்

ஆன்ம சாதனையில் இறங்குவோருக்கு அவரவர் பக்குவத்துக்கேற்ற மார்க்கம் என்பதை நம் சாஸ்திரங்கள் அதிகாரி பேதம் என்று கூறும். கருணையால் பிறந்ததாகச் சொல்லப்படும் இக்கொள்கை நடைமுறையில் எத்தனை பேரை வாசற்படியிலேயே நிறுத்திவைத்தது என்று எண்ணும்போது, பிழை கொள்கையில் இருந்ததா, அதைப் பிரயோகித்த விதத்தில் இருந்ததா என்ற கேள்வி எழாமல் இராது. இதற்கு விடை தேடுகையில், பாஷ்யங்களைவிட ஸ்விட்சர்லாந்திலுள்ள மியூரன் என்னும் மலைச் சிற்றூர் எனக்கு அதிகம் உதவிற்று என்றால் பண்டிதர்கள் க்ஷமிக்க வேண்டும்.

லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஏறக்குறைய 1,640 மீட்டர் உயரத்தில், மோட்டார் வண்டிகளின் இரைச்சலின்றி, ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் ஆகிய சிகரங்களை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் அவ்வூருக்குப் பனிச்சறுக்குக்கென்று வருபவர்களில் குழந்தையும் உண்டு, கிழவரும் உண்டு, பந்தய வீரரும் உண்டு. பாதையோரக் கம்பங்களில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் தீட்டியிருக்கிறார்கள்: பெரும்பாலும் 25 சதவீதச் சரிவுக்கு மேற்படாதது நீலம், 40 சதவீதம் வரை சிவப்பு, அதற்கும் செங்குத்தானது கறுப்பு. நிறமெல்லாம் பாதைக்குத்தான், மனிதனுக்கு இல்லை. பலகைகளின் முனைகளைச் சேர்த்துப் பின்புறங்களை அகற்றி, பனியைச் சுரண்டிக்கொண்டே நடுக்கத்துடன் நீலத்தில் இறங்கியவன், மலைப்பக்கம் சாய்பவனுக்கு அடங்காத பலகை பள்ளத்தை நோக்கி உடலைக் கொடுப்பவனுக்கே அடங்கும் என்ற விசித்திரத்தை உடம்பால் உணர்ந்துவிட்டால் சிவப்புக்குப் போகலாம். கறுப்பில் பறப்பவனும் களைத்த மாலையில் நீலத்தின் வழியே விடுதி திரும்பலாம், அதனால் அவன் பதிதனாகிவிடுவதில்லை.

ஆனால் அவ்வூரின் சரித்திரம் அத்தனை நிர்மலமானதன்று. அங்கே குளிர்காலத்தில் ஆங்கிலேயரைக் கொண்டுவந்து சேர்த்த ஹென்றி லன், ஒருகாலத்தில் இந்தியாவில் ஊழியம் செய்த மெத்தடிஸ்ட் பாதிரியார். அவரே உயர்குலத்தார் பயிலும் பள்ளிகளிலும் சர்வகலாசாலைகளிலும் படித்த கனவான்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஹோட்டல்களை அவர்களுக்கு ஒதுக்கினார். மலைக்கு இல்லாத வர்ணாசிரமம் விடுதிக்கு வந்து சேர்ந்தது! 1888-ல் நம் சென்னையில் பிறந்த அவர் மகன் ஆர்னல்ட் லன்னோ, 1922-ல் மியூரனில் ஸ்லாலம் பந்தயத்தைப் புதிதாக வகுத்தபோது, சறுக்கும் அழகுக்கு மதிப்பெண் இடும் பழக்கத்தைத் தள்ளி, கொடிகளுக்கிடையே வளைந்து கீழே வந்து சேர எடுத்த நேரத்தை மட்டுமே கணக்கில் கொண்டார். நடுவரின் ருசிக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

அப்படியானால் குரு வேண்டாமா என்று கேட்கலாம். அவசியம் வேண்டும். சறுக்கு ஆசிரியரும் மாணவனைக் கறுப்புப் பாதையிலிருந்து தடுக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் பார்ப்பது முழங்கால் மடிகிறதா, திரும்பும்போது கீழ்ப்பலகையில் பாரம் விழுகிறதா என்பதையே. மாணவனின் தகப்பனார் யாரென்று விசாரிப்பதில்லை. முழங்கால் பழகிய அன்றே அந்தத் தடை தீர்ந்துவிடும். அவர் கணிப்புத் தவறி, பக்குவப்படாதவனை மேலே அனுப்பிவிட்டாலும், பெரும்பாலும் நேர்வது என்ன? விழுந்தவன் எழுந்து, உடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, மறுநாள் நீலத்துக்குத் திரும்புகிறான், பிராயச்சித்தம் அவ்வளவே.