கவசத்தின் எடை

உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். சண்டை போடுகிற ஒரு ரோபோ செய்ய வேண்டும். மொத்த எடை ஒன்றரை கிலோ. ஒரு கிராம் கூடினாலும் உள்ளே விட மாட்டார்கள்.

'எனக்கெதுக்கு சார் ரோபோ?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் உங்களைப் பற்றியதுதான்.

ரோபோக்களை மோதவிடுவது இன்று உலகம் முழுக்க ஒரு விளையாட்டு. 1994-ல் மார்க் தோர்ப் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ரோபோ வார்ஸ்' போட்டியை நடத்தினார். 1998-ல் பி.பி.சி. அதை டி.வி.க்குக் கொண்டுவந்தது. நம் மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில்கூட ரோபோக்கள் மோதியிருக்கின்றன. நூறு கிலோவைத் தாண்டுகிற ராட்சதர்களும் உண்டு. பிரிட்டனில் 'பீட்டில்வெயிட்' என்று ஒரு பிரிவு. அதன் உச்சவரம்புதான் இந்த ஒன்றரை கிலோ. உடையாத பிளாஸ்டிக் சுவர்களுக்குள் இரண்டு ரோபோக்கள், பொதுவாக 3 நிமிடம். ரிமோட்டில் ஓட்டலாம், சுழலும் பிளேடால் வெட்டலாம், எதிரியைத் தூக்கிக் கவிழ்க்கலாம்.

முதல்முறை செய்கிறவருக்கு என்ன தோன்றும்? 'நம்மளை யாரும் உடைக்க முடியாதபடி செஞ்சுடணும்!' உடனே இரும்புக் கடைக்கு ஓடுவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ.க்கு 20 செ.மீ., 3 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு எஃகுத் தகடு. எடை சுமார் 940 கிராம். மேல்மூடிக்கே பாதிக்கு மேல் சொத்து காலி! மிச்சத்தில் சக்கரம், மோட்டார், பேட்டரி, ஆயுதம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. கடைசியில் யாரும் உடைக்க முடியாத, ஆனால் நகரவும் முடியாத ஒரு டப்பா நடுவில் உட்கார்ந்திருக்கும்.

பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'ரியோபாட்ஸ்' குழு இந்தக் கலைக்கு ஒரு கையேடு எழுதியிருக்கிறது. அது சொல்லும் பங்கீடு: ஓட்டத்துக்கு 30 சதவிகிதம், ஆயுதத்துக்கு 30, உடம்புக்கும் கவசத்துக்கும் சேர்த்து 25, பேட்டரிக்கும் மின்கருவிகளுக்கும் 15. நம் ஒன்றரை கிலோவில் எலும்புக்கூடும் கவசமும் சேர்ந்தே 375 கிராம்தான்!

இப்போது சொல்லுங்கள், உங்கள் வாழ்க்கையில் கவசத்துக்கு எத்தனை சதவிகிதம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

ஒரு நண்பன் ஏமாற்றினான் என்று அதற்குப் பிறகு யாரையுமே நம்பாதவர்கள் இருக்கிறார்கள். 'வெளியூர் வேலையெல்லாம் வேண்டாம்மா, காலம் கெட்டுக் கிடக்கு' என்று மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடிபட்ட பயம், பாவம். ஆனால், பயத்துக்கும் எடை உண்டு. அந்த எடை நம் கால்களிலிருந்துதான் கழிக்கப்படுகிறது.

'அதுக்காகக் கவசமே இல்லாம போய் அடி வாங்கணுமா?' என்று கேட்பீர்கள். நியாயம். கவசம் வேண்டும். எந்த மாதிரிக் கவசம் என்பதுதான் கேள்வி.

சின்ன ரோபோ செய்கிறவர்கள் பலர் நம்புவது எஃகை அல்ல, பாலிஎத்திலீனை. சமையலறையில் காய் நறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதேதான்! அதே அளவுத் தகடு 115 கிராம்கூட வராது. எதிரியின் பிளேடு பட்டால் பிய்யும், குழியும், துண்டு துண்டாகப் போகும். போகட்டும் என்றுதான் வைக்கிறார்கள். பிய்ந்துபோகிற துண்டு அடியின் வேகத்தையும் கொண்டுபோய்விடுகிறது. வளைந்து கொடுக்காத தகடு அப்படியல்ல. வாங்கிய அடியை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். வெளியே ஒரு கீறல் இருக்காது. உள்ளே வயர் விட்டுப்போயிருக்கும். வெளியே சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்கிப்போன எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

பேட்டரி விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். அதனால் அதை நடுவில், பத்திரமாக வைப்பார்கள். ஆக, நல்ல ரோபோ செய்கிறவர் முதலில் இரண்டு பட்டியல் போடுகிறார். உடைந்தால் பரவாயில்லை என்று ஒன்று. உடையவே கூடாது என்று இன்னொன்று. இரண்டாவது மிகச் சின்னது.

நாமோ பட்டியலைத் தலைகீழாகப் போடுகிறோம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதற்கு எஃகுத் தகடு. கௌரவத்துக்கு இன்னொன்று. வாக்குவாதத்தில் ஜெயித்தே தீர வேண்டும் என்பதற்கு மூன்றாவது. நாணயம், மனசாட்சி, நம்மை நம்பியிருக்கிற நாலு ஜீவன்கள்... இவையெல்லாம் காப்பில்லாமல் வெளியே தொங்குகின்றன.

இன்னொரு ரகமும் உண்டு. 1995-ல் அதே சான் ஃபிரான்சிஸ்கோ போட்டிக்கு 'பிளெண்டோ' என்று ஒரு ரோபோ வந்தது. செய்தவர்கள், பிற்பாடு 'மித்பஸ்டர்ஸ்' டி.வி. நிகழ்ச்சியில் பிரபலமான ஜேமி ஹைன்மனும் ஆடம் சாவேஜும். கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு மூடி. புல்வெட்டும் மெஷினின் இன்ஜின் அதைச் சுழற்றும். கவசமே ஆயுதம்! மோதியதும் துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. அமைப்பாளர்கள் பயந்துபோய், இணை சாம்பியன் என்று பட்டம் கொடுத்து அதைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

எந்த வீட்டிலும் ஒரு பிளெண்டோ இருப்பார். கிட்டே போனாலே சுள்ளென்று ஒரு வார்த்தை. யாரும் அவரைக் காயப்படுத்துவதில்லை. மரியாதையாக ஒரு பட்டம் கொடுத்து ஒதுக்கிவிடுகிறார்கள். 'பெரியவரைத் தொந்தரவு பண்ணாதீங்க.' அது வெற்றியா, தனிமையா?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரோபோவுக்கு ஸ்பேர் உண்டு. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் புதுப் பலகை. மனுஷனுக்கு எல்லாக் காயமும் அப்படி ஆறிவிடாது. அதனால் ஒரேயடியாகக் கவசத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து அந்த இரண்டு பட்டியலையும் போடுங்கள். முதலில், எது உடைந்தால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்? அதை எழுதுங்கள். மூன்று வரிக்கு மேல் வந்தால், இன்னொரு முறை எடை போடுங்கள்.