கொடுத்து வைத்த எண்

காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும்போதெல்லாம் கோபுர வாசலில் ஒன்றைக் காண்கிறோம். செருப்பைக் காப்பவரிடம் விட்டுச் சீட்டுப் பெறுகின்றனர். திரும்புகையில் சீட்டைக் கொடுத்துச் செருப்பைப் பெறுகின்றனர். ஃபிக்ஹு நூலார் இதனை ‘வதீஆ’ என்பர். காக்கக் கொடுத்த பொருளை அனுமதியின்றித் தாமே பயன்படுத்தியவர், அப்போதே அதற்கு ஈடு கட்டும் பொறுப்புக்கு உள்ளாகிறார்.

திருச்சியில் இப்பாடத்தை நடத்துகையில் மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜரத், ரம்மி ஆட அண்ணன் கொடுத்த ஆதார் விவரமும் வதீஆதானா? ஆட்டம் நின்ற பின்னும் கடன் தருவதாக யார் யாரோ அழைக்கிறார்களே!”

நாம் உடனே விடை கூறவில்லை.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிற்று. அந்தரங்க உரிமை வரம்பற்றதன்று எனக் கூறி, ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. சிறுவரைத் தடுக்க ஆளை அறிய வேண்டுமே, நமக்கும் மறுப்பில்லை. ஆகஸ்டிலோ நாடாளுமன்றம் அவ்வாட்டங்களையே தடை செய்தது. கடை மூடிற்று; கொடுத்தவை உள்ளேயே இருக்கின்றன.

செருப்பைத் திருப்பித் தந்தால் காப்பவரிடம் மிச்சமில்லை. எண்ணோ எத்தனை படியும் எடுக்கத் தக்கது. அதனைத் திருப்பித் தருவதென்பது அழிப்பதே. 50 லட்சத்துக்குக் குறையாத பயனாளர்களைக் கொண்ட ஆட்ட நிறுவனங்கள், மூன்றாண்டு வராதவர் விவரங்களை அழிக்க வேண்டுமென 2025 நவம்பர் விதிகள் கூறுகின்றன; அதற்கும் 18 மாத அவகாசம். அழித்ததைக் கொடுத்தவர் எங்ஙனம் காண்பார்? அழைப்பவருக்கு எண் அங்கிருந்துதான் போயிற்றென்று நிரூபிக்கவும் இயலாது.

வதீஆதான் என்றோம். அழிக்கக் கோரி எழுதுமாறு அண்ணனுக்குச் சொல்லியனுப்பினோம். எழுதியிருக்கிறார், பதில் இல்லை.